ஏர்கோன் கேஸ் தீர்ந்துபோகிற சாமான் இல்லை: இந்த மாதக் கேள்வி-பதில்

மழை விட்டு வெயில் ஏறினால் போதும், என் வாட்ஸாப் நிறைந்துவிடும். சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்திலிருந்து (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, வாயில் வருவது இதுதான்) வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சர்வீஸ் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? எங்களுக்கு வருபவர் மூன்று மாதம் என்கிறார்.

அவர் பிழைக்க வேண்டாமா! இரவில் மட்டும் ஓடுகிற படுக்கையறை ஏர்கோனுக்கு வருடத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழற்றிக் குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்தால்தான் இந்தக் கணக்கு. செம்மண் சாலையோரத்திலும் ஆலைப் பக்கத்திலும் குடியிருப்பவர்களுக்கு ஆறு மாதம். மலேசியாவிலேயே வியாபாரத்துக்கென்று முதலில் செம்பனை நட்டது 1917-ல் இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான், அதனால் ஆலைக் கரியும் லோரித் தூசியும் நமக்குப் பரம்பரைச் சொத்து. ராஜா மூசா காட்டுப் பக்கம் சதுப்பு மண் பற்றிப் புகைகிற சமயத்தில் ஃபில்டரை வாரா வாரம் பாருங்கள்.

ஏர்கோன் குளிரவில்லை. எவ்வளவு ஆகும்?

செய்தி இவ்வளவுதான், கூடவே இருட்டில் எடுத்த ரிமோட் படம் ஒன்று. தம்பி, நான் குறி சொல்கிறவன் இல்லை. எத்தனை ஹார்ஸ்பவர், வாங்கி எத்தனை வருடம், இன்வெர்ட்டரா சாதாவா, வெளியே அவுட்டோர் ஓடுகிறதா, விளக்கு மின்னுகிறதா, ஃபில்டர் கழுவி எத்தனை நாள் என்பதெல்லாம் இல்லாமல் விலை சொல்கிறவரிடம் போகாதீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிமோட் விசிறி மோடில் இருக்கிறது. மோட் பட்டனை அமுக்கிக் குளிருக்கு மாற்றுங்கள், காசு வேண்டாம்.

அதற்குப் பிறகும் சந்தேகமாக இருந்தால், கால் மணி நேரம் ஓடவிட்டு, மேலே காற்று உள்ளே இழுக்கிற இடத்திலும் கீழே காற்று வருகிற இடத்திலும் ஒரு தெர்மாமீட்டரைப் பிடித்துப் பாருங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏர்கோன் நன்றாகத்தான் இருக்கிறது. நாலைந்துதான் என்றால் ஃபில்டரைக் கழுவிவிட்டு இன்னொரு முறை பாருங்கள், அதே கணக்கு வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

உள்ளே தண்ணீர் சொட்டுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறோம்.

பெரும்பாலும் தண்ணீர் வெளியே போகிற டிரெயின் பைப்பில் பாசி அடைத்திருக்கும். சர்வீஸ் செய்தும் இரண்டு நாளில் திரும்பச் சொட்டினால் ஏர்கோனைச் சாய்வாக மாட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் உள்ளே பனி கட்டி உருகுகிறது. பனி என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

வருடா வருடம் கேஸ் டாப் அப் செய்கிறோம், 150 வெள்ளி வாங்குகிறார்கள். இந்த வருடம் ஆறே மாதத்தில் குளிர் போய்விட்டது. கேஸ் தரம் சரியில்லையா?

அக்கா, இதை எழுதி எழுதி என் விரல் தேய்ந்துவிட்டது. ஏர்கோன் கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. செம்புக் குழாய்க்குள் மூடிக்கிடந்து அதே கேஸ்தான் உள்ளேயும் வெளியேயும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து வருடம் ஆனாலும் அளவு குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான், ஊற்றுகிறவருக்கு மட்டும் வருடம் தவறாமல் வருமானம். 1 ஹார்ஸ்பவர் ஏர்கோனுக்குள் மொத்தமே அரைக் கிலோ, முக்கால் கிலோ கேஸ்தான் இருக்கும். வருடா வருடம் ஏற்றியது எங்கே போனது என்று அவரிடம் கேட்டீர்களா?

முதலில் கேஸ்தான் குறைவா என்று பாருங்கள். அவுட்டோரில் இரண்டு குழாய் சேர்கிற இடத்தில் மெல்லிய குழாயில் மட்டும் பனி கட்டியிருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம். தடித்த குழாய் வரை பனி என்றால் பெரும்பாலும் உள்ளே காற்று ஓடவில்லை, அதாவது ஃபில்டரும் அதற்குப் பின்னால் இருக்கிற காயிலும் (குளிர்கிற குழாய்ச் சுருள்) அழுக்கு. அழுக்கைக் கழுவாமல் கேஸ் ஏற்றினால் கம்ப்ரசருக்குத்தான் ஆபத்து. எனக்கு வருகிற 'கேஸ் குறைந்துவிட்டது' அழைப்புகளில் பாதிக்குப் பாதி ஃபில்டர் கழுவியதும் சரியாகிவிடுகிறது.

கேஸ்தான் குறைவு என்றால், நட்டு போட்டு இறுக்கிய இடங்களில் சோப்புத் தண்ணீர் பூசி நுரை வருகிறதா என்று தேடச் சொல்லுங்கள். ஓட்டையை அடைத்து, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பது அவுட்டோரில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரிலேயே இருக்கிறது.

அப்புறம், எல்லா வீட்டுக்கும் ஒரே கேஸ் தோம்போடு (சிலிண்டர்) வருகிற ஆளை வாசலிலேயே நிறுத்துங்கள். பழைய ஏர்கோனில் ஆர்22, அதற்குப் பின் வந்தவற்றில் ஆர்410ஏ, இப்போது வாங்குகிறவை பெரும்பாலும் ஆர்32. ஆர்22-க்கு ஓடும்போது அழுத்த மீட்டர் 65 பிஎஸ்ஐ காட்டினால் சரி, ஆர்410ஏ-க்கு அதுபோல இரண்டு மடங்கு. ஒன்றில் இன்னொன்றை ஏற்றவே கூடாது. ஆர்410ஏ இரண்டு கேஸ் கலந்தது, அதனால் நிறையக் கசிந்திருந்தால் மிச்சத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவதுதான் ஒழுங்கான வேலை. ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது. வாயில் சிகரெட்டோடு அதைத் திறக்கிறவரை ஒருமுறை நானே பார்த்தேன், ஏணியைப் பிடிக்காமல் தள்ளி நின்றுகொண்டேன்.

அவுட்டோர் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, விசிறி சுற்றவில்லை. குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது.

கப்பாசிட்டர் போய்விட்டது. சின்னச் சாமான், கூலியோடு நூறு வெள்ளிக்குள் முடியும். குச்சி வேண்டாம் ஐயா. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு (ஆஃப் செய்துவிட்டு) ஆளைக் கூப்பிடுங்கள். அடைத்த பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், மூடியைக் கழற்றாதீர்கள். அப்படியே தள்ளித் தள்ளி ஓட்டினால் சூடேறிக் கம்ப்ரசரும் போகும், அதற்கு ஆகிற செலவில் பாதி ஏர்கோன் வாங்கலாம்.

இடி இடித்த மறுநாளிலிருந்து விளக்கு மின்னுகிறது, ஏர்கோன் ஓடவில்லை.

மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அடைத்துவிட்டுத் திரும்பத் திறங்கள். மறுபடியும் மின்னினால் எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள், பழுது எங்கே என்று அது ஓரளவு சொல்லிவிடும். இன்வெர்ட்டர் போர்டு இடிக்கு முதல் பலி, இடிச்சத்தம் கேட்டாலே சுவிட்சை அடையுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! ஆனால் போர்டு மாற்றுவதற்கு முன் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பனைக் காட்டு எலி வீட்டோரமும் வரும். தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிறார்கள், உங்கள் அவுட்டோருக்கு அந்த வசதி இல்லை. எலி கடித்த வயருக்காக 600 வெள்ளி போர்டு மாற்றிய வீடு எனக்குத் தெரியும்.

புளித்த வாடை வருகிறது. கடையில் விற்கிற ஸ்ப்ரே அடிக்கலாமா?

வாடை புளிப்பென்றால் உள்ளே பூஞ்சை. ஸ்ப்ரே காயிலின் முகத்தை மட்டும் கழுவும், காற்றைத் தள்ளுகிற உருளையில் ஒட்டியிருப்பது போகாது. கழற்றிக் கழுவ வேண்டும், சைஸைப் பொறுத்து நூற்றைம்பது வெள்ளி பக்கம் ஆகும். வாடை கருகலாக இருந்தால் அது வேறு கதை, உடனே சுவிட்சை அடையுங்கள், பிறகு போன் செய்யுங்கள்.

கார் கழுவுகிற பம்பால் நானே உள்ளே அடித்துவிட்டேன். இப்போது ஆன் ஆகவில்லை.

போர்டு நனைந்துவிட்டது. சுவிட்சைத் திறக்காமல் விடுங்கள். வந்து பார்க்கிறேன், வாக்குறுதி இல்லை.

லயத்து வீட்டில் 1 ஹார்ஸ்பவர் போட்டோம், 16 டிகிரி வைத்தும் குளிரவில்லை, கரண்ட் பில் மட்டும் ஏறுகிறது. சர்வீஸ் செய்தால் சரியாகுமா?

ஆகாது. நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டை அடுக்கிய ஜன்னல்) இடுக்கும், சீலிங் இல்லாத தகரக் கூரையும் இருக்கிற வரை நீங்கள் தோட்டத்துக்கே குளிர் கொடுக்கிறீர்கள். இடுக்கை அடைத்து, சீலிங் போட்டு, 24-ல் வைத்துக் காற்றாடியும் போடுங்கள். 16-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், அவ்வளவுதான். ஃபில்டர் கழுவினீர்களா?

தீபாவளிக்கு முந்தின வாரம் வர முடியுமா? ஐந்து ஏர்கோன்.

முடியாது. புரட்டாசி பிறந்ததும் செய்தி போடுங்கள், ஐந்துக்கும் ஸ்டிக்கர் படத்தோடு. இருட்டில் எடுக்காதீர்கள்.