வேதாகமக் கேள்வி பதில்: பொருத்தனையும் உடன்படிக்கையும் ஒன்றா?

கேள்வி: மகனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தைக் காணிக்கையாகச் செலுத்துகிறேன் என்று எழுதி, வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். இது தேவனோடு செய்த உடன்படிக்கைதானே? வீட்டு ஜெபக்கூட்டத்தில் உடன்படிக்கையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பகுதியை எடுப்பது?
(வாசகி, பாலக்கோடு)

பதில்: நீங்கள் எழுதி வைத்திருப்பது பொருத்தனை, அம்மா. பெத்தேலில் யாக்கோபு, உண்ண ஆகாரமும் உடுக்க வஸ்திரமும் தந்து காத்தால் தசமபாகம் தருவேன் என்றானே (ஆதியாகமம் 28), அந்த வகை. தவறில்லை. நேர்ந்துகொண்டால் தாமதிக்காமல் செலுத்திவிடுங்கள். ஆனால் உடன்படிக்கை வேறு சங்கதி.

எபிரெயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றுதான் சொல்வார்கள். ஆதியாகமம் 15ஐ எடுங்கள். மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. பறவைகளை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் ஆபிராம் (பின்னாளில் ஆபிரகாம்) நடுவாகப் பிளந்து, துண்டுகளை எதிரெதிரே வைக்கிறான். பிணத்தின்மேல் இறங்கும் பறவைகளைத் துரத்திக்கொண்டு பொழுதுசாயும்வரை காவல் இருக்கிறான். துண்டுகளின் நடுவே நடப்பதற்கு ஒரே அர்த்தம்: வாக்கு மீறினால் எனக்கும் இந்தக் கதி. எரேமியா 34:18-20 அதை வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆனால் இங்கே ஆபிராம் நடக்கவில்லை. அயர்ந்து தூங்குகிறான். இருட்டில் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் கடந்துபோகின்றன. அந்த நெருப்பின் அடையாளத்தில், வாக்குக் கொடுத்த தேவனே தனியாக அந்த வழியில் நடந்தார். கூட்டத்தில் இந்த இடத்தை அவசரப்படாமல் வாசியுங்கள்.

ஒரு மணி நேரம் கிடைத்தால் ஆதியாகமம் 15க்கு அரைமணி. பிறகு எரேமியா 34. அடுத்து யாத்திராகமம் 24:3-8. அங்கே சீனாய் மலையடியில் மோசே பலியின் இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தில் தெளிக்கிறார். ஜனங்கள் கீழ்ப்படிவோம் என்று வாய்விட்டுச் சொன்ன பின்பே மறுபாதி அவர்கள்மேல் படுகிறது. இது இரு தரப்பும் கட்டுப்பட்ட உடன்படிக்கை. அதனால்தான் 32ஆம் அதிகாரத்துப் பொன் கன்றுக்குட்டி அத்தனை பெரிய துரோகம். கடைசியில், புது உடன்படிக்கையைச் சொல்லும் எரேமியா 31:31-34, லூக்கா 22:20. எல்லா உடன்படிக்கையும் ஒரே மாதிரி என்று பேசினால் சீனாயும் ஆபிராமும் குழம்பிவிடும். கிடாரிக்கு ஒரு அர்த்தம், புறாவுக்கு ஒரு அர்த்தம் என்று தேடவும் வேண்டாம். வசனம் தராததை நாம் ஏன் தர வேண்டும்?

கேள்வி: எபிரெயர் 9இல் உடன்படிக்கையைப் பேசிக்கொண்டே வந்து திடீரென்று 'மரணசாசனம்' என்கிறார்களே?
(வாசகர், பென்னாகரம்)

பதில்: மூலத்தில் இரண்டுக்கும் ஒரே கிரேக்கச் சொல்தான்: தியாத்தேக்கே. உடன்படிக்கை என்றும் பொருள், உயில் என்றும் பொருள். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை உயில் செல்லாது என்பது சார்பதிவாளர் அலுவலகம் போய்வந்த எவருக்கும் தெரியும். 16, 17ஆம் வசனங்கள் அதையே பிடித்துக்கொண்டு கிறிஸ்துவின் மரணத்தை விளக்குகின்றன.

கேள்வி: நாங்கள் 'தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே' என்று வாசிக்கிறோம். கத்தோலிக்கரான பக்கத்து வீட்டு அக்கா 'இறையாட்சி உங்கள் நடுவே' என்று வாசிக்கிறார். எது சரி?
(வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: லூக்கா 17:21. அவர் வாசிப்பது 1995இல் வந்த திருவிவிலியம். கிரேக்கச் சொல் இரண்டுக்கும் இடம் தரும். என் ஓட்டு 'நடுவே' என்பதற்கு. கேட்டவர்கள் பரிசேயர், இயேசுவை நம்பாமல் கேள்வி கேட்டு நின்றவர்களின் உள்ளத்துக்குள் ராஜ்யம் இருக்கிறது என்று அவர் சொல்லியிருப்பாரா? ராஜா எதிரிலேயே நிற்கிறார், இவர்களோ அது எப்போது வரும் என்கிறார்கள். 'ஆட்சி' என்ற சொல்லும் நல்லதே. 'ராஜ்யம்' என்றால் நமக்கு எல்லைக்கோடு போட்ட நாடு ஞாபகம் வந்துவிடுகிறது.

கேள்வி: மத்தேயு 13:33இல் வரும் 'மூன்றுபடி மாவு' எவ்வளவு? புளித்தமா என்றால் ஈஸ்ட்தானே?
(வாசகி, தேன்கனிக்கோட்டை)

பதில்: நம் படி என்று எண்ணினால் ஐந்து லிட்டர் அளவுதான். மூலத்தில் உள்ள அளவு ஒன்றுக்கே ஏறக்குறைய 12, 13 லிட்டர். மூன்றும் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் மாவு; நூறு பேருக்குப் பந்தி போடலாம். ஒரு வீட்டுப் பெண் அன்றாடம் பிசையும் அளவே அல்ல.

கடையில் வாங்கும் ஈஸ்ட் அல்ல. முந்தைய நாள் பிசைந்ததில் ஒரு உருண்டையை மீத்துவைத்துப் புதுமாவில் சேர்ப்பார்கள். புது தோசைமாவில் பழைய மாவை ஒரு கரண்டி விடுவீர்களே, அதேதான். கலந்த பிறகு அந்த ஒரு கரண்டியைத் தனியாக எடுக்க முடியுமா? 'அடக்கிவைத்தாள்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். புளித்தமா என்றாலே பாவம் என்று சிலர் இந்த உவமையையும் திருப்பிப் போடுகிறார்கள். மற்ற இடங்களில் அப்படி வருவது உண்மை. ஆனால் இங்கே பரலோகராஜ்யமே புளித்தமாவுக்கு ஒப்பாயிருக்கிறது என்று வசனமே சொல்லிவிட்டது.

ஆதியாகமம் 18:6ஐயும் பாருங்கள். வந்த மூன்று விருந்தாளிகளுக்குச் சாராளைப் பிசையச் சொல்லி ஆபிரகாம் தந்த கணக்கும் இதே மூன்றுபடிதான். அந்தச் சாப்பாட்டின்போதுதான் தனக்கு ஒரு மகன் பிறப்பான் என்ற வாக்கு அவள் காதில் விழுந்தது.