வள்ளமும் எஞ்சினும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது 28 அடி ஃபைபர் வள்ளம். 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் எஞ்சின். காலியாகப் போனால் நன்றாக ஓடுகிறது. வலை, ஐஸ், நாலு ஆள் ஏறிவிட்டால் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் முக்குகிறது, கரும்புகை தள்ளுகிறது. 15 குதிரைத்திறன் எஞ்சின் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?
– வாசகர், முட்டம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் புரொப்பல்லரில் அடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 9¼ × 9¾ என்பதுபோல் இரண்டு எண் இருக்கும். முதல் எண், இலைகளின் நுனி சுற்றும் வட்டத்தின் குறுக்களவு. இரண்டாவது பிட்ச், ஒரு சுற்றில் நழுவாமல் போனால் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. பிட்ச்தான் உங்கள் வள்ளத்தின் கியர். காலி வள்ளத்துக்குச் சரியான 9¾, சுமை ஏறியதும் டாப் கியரில் மலையேறும் லாரி ஆகிவிடுகிறது.

ஊகித்து வாங்காமல் அளந்து பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது (ஆர்.பி.எம்.) என்று காட்டும், பிளக் வயரில் சுற்றிவைக்கும் சின்ன டிஜிட்டல் டேக்கோமீட்டர் போதும். எண் இரட்டிப்பாகவோ பாதியாகவோ தெரிந்தால் அதன் செட்டிங் தவறு. வழக்கமான சுமையோடு, அலை குறைந்த நேரத்தில், முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டி ஆர்.பி.எம். குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு 2 ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றுக்கு 4500 முதல் 5500 வரை, 4 ஸ்ட்ரோக்குக்கு 5000 முதல் 6000 வரை என்று கையேட்டில் இருக்கும். உங்கள் எஞ்சினின் கையேடு சொல்வதே முடிவு. சுமையோடு 4200-ஐத் தாண்டவில்லை என்றால் பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 ஆர்.பி.எம். ஏறும், சின்ன எஞ்சினில் இன்னும் கூடவே ஏறலாம். 9¾-க்குப் பதில் 9¼ × 8 போட்டுப் பாருங்கள்.

அந்தக் கரும்புகையை லேசாக விடாதீர்கள். ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்க, சுற்று ஏறாமல் எஞ்சின் திணறும்போது எரிபொருள் முழுதாக எரிவதில்லை. பெட்ரோலைவிட மண்ணெண்ணெய் சீக்கிரம் தட்டல் (எஞ்சினுக்குள் ‘டக் டக்’ சத்தம்) கொடுக்கும். பிஸ்டன் தலையில் கரி கட்டும், ரிங் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சீக்கிரம் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் பலர், முதலில் இந்த பிட்ச் கணக்கைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

8 பிட்ச் போட்டபின் ஒரு கவனம்: காலியாகத் திரும்பும்போது எஞ்சின் எல்லை மீறிச் சுற்றும். கையைத் தளர்த்தி ஓட்டுங்கள். பழைய புரொப்பல்லரை வீசவேண்டாம்; வள்ளத்திலேயே உதிரியாகக் கிடக்கட்டும். காலியாக ஓட்டும்போதும் ஆர்.பி.எம். ஏறவில்லை என்றால் கோளாறு எஞ்சினில்தான். மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அலைமேல் ஏறி இறங்கும்போது எஞ்சின் வீறிடுகிறது, வள்ளம் முன்னே போகமாட்டேன் என்கிறது. புரொப்பல்லர் தேய்ந்துவிட்டதா?
– வாசகர், சின்னமுட்டம்

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். அலையிலும் திருப்பத்திலும் மட்டும் வீறிட்டால் புரொப்பல்லர் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சுகிறது. எஞ்சின் உயரம் தவறு. அமைதியான கடலிலும் ஆக்சிலேட்டரைத் திருகியவுடன் வீறிட்டால் புரொப்பல்லரின் நடுவில், ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் நழுவுகிறது.

உயரத்தைக் கரையிலேயே பார்க்கலாம். நேரான ரீப்பர் கட்டை ஒன்றை வள்ளத்தின் அடியோடு ஒட்டிவைத்துப் பின்பக்கமாக நீட்டுங்கள். புரொப்பல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தட்டு, அந்தக் கட்டையின் மட்டத்திலோ அதற்கு ஓர் அங்குலம் வரை கீழேயோ இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது அரை அங்குலம் கூடுதலாக இறக்கினாலும் தவறில்லை. அதற்கும் கீழே போனால் இழுவை கூடி வேகம் குறையும். 15 அங்குல ஷாஃப்ட் எஞ்சினை 20 அங்குலப் பின்பலகையில் மாட்டியிருந்தால் எந்தச் சரிக்கட்டலும் உதவாது. பலகையைத்தான் வெட்டி இறக்க வேண்டும். புரொப்பல்லருக்கு நேர் முன்னே அடிக்கட்டை தடித்து முடிந்தாலும் நீர் கலங்கிக் காற்று கலக்கும். அதன் முனையைக் கூராகச் சீவுங்கள்.

எஞ்சின் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்று நிறுத்தும் பின்னையும் (துளையில் செருகும் கம்பி) பாருங்கள். ஓடும்போது அந்தத் தட்டு நீர்மட்டத்துக்கு இணையாக நிற்க வேண்டும். எஞ்சின் உள்பக்கம் சாய்ந்தால் அணியம் (வள்ளத்தின் முன்முனை) தண்ணீரில் குத்தும். கரையேறும் அலையில் இது உயிருக்கே ஆபத்து. வெளிப்பக்கம் அதிகம் சாய்ந்தால் அணியம் தூக்கும், பின்பக்கம் அமுங்கும். ஒரு துளை மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

ரப்பர் புஷ் சந்தேகம் என்றால், புரொப்பல்லரின் உள் உருளையிலிருந்து வெளி உருளைக்கு பெயிண்டால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டும் விலகி நின்றால் புஷ் போய்விட்டது.

கேள்வி: வேகம் குறைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது.
– வாசகர், குளச்சல்

பதில்: செல்போன் ஜி.பி.எஸ். போதும். நீவாட்டோடு (கடல் நீரோட்டத்தோடு) ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை ஓட்டி இரண்டின் சராசரியை எடுங்கள். ஒரு திசையில் மட்டும் பார்த்தால் நீவாடு ஏமாற்றிவிடும். பிறகு இந்தக் கணக்கு: ஆர்.பி.எம்.-ஐ கியர் விகிதத்தால் (புரொப்பல்லர் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்) வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 1215-ஆல் வகுத்தால் நழுவல் இல்லாத வேகம் நாட் கணக்கில் (மணிக்கு எத்தனை கடல் மைல்) வரும். 5000 ஆர்.பி.எம்., விகிதம் 2.08, பிட்ச் 8 என்றால் 15.8 நாட். ஜி.பி.எஸ். 8 நாட் காட்டினால் நழுவல் கிட்டத்தட்டப் பாதி. சுமை ஏற்றிய கனத்த வள்ளத்துக்கு அது இயல்புதான். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அதே சுமையில் பிறகு நழுவல் கூடினால் வளைந்த இலை, அடியில் பிடித்த சிப்பி, நழுவும் புஷ் என்று வரிசையாகத் தேடலாம்.

கேள்வி: ஸ்டீல் புரொப்பல்லர் போட்டால் நல்லதா?
– வாசகர், குறும்பனை

பதில்: மணலில் ஏற்றும் வள்ளத்துக்கு அலுமினியமே நல்லது. பாறையில் இடித்தால் இலை வளையும், கியர் பிழைத்துக்கொள்ளும். ஸ்டீல் வளையாது, அடி உள்ளே கியருக்குப் போகலாம்.

கேள்வி: கியர் ஆயில் பால் கலந்த டீ போல வருகிறது. என்ன செய்ய?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. பெரும்பாலும் தங்கூசி நரம்புதான் (நைலான் மீன்பிடி இழை) காரணம். அது புரொப்பல்லருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஷாஃப்டில் சுற்றி, மெல்ல மெல்ல ஆயில் சீலை அறுக்கிறது. எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, இலைக்கும் மேல் தட்டுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து நட்டைக் கழற்றுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் ஒரு துணியில் அடுக்கிவையுங்கள். நரம்பை எடுத்துவிட்டு, சீல் மாற்றி, ஷாஃப்ட் பற்களில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் தடவி மாட்டி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். வலை வீசும் வள்ளம் என்றால் மாதம் ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம்.

ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கும். மேல் துளையில் ஆயில் குமிழியில்லாமல் வழிந்ததும் முதலில் மேல் திருகை இறுக்குங்கள், பிறகு கீழ்த் திருகு. இரண்டுக்கும் வாஷர் புதிதாக இருக்கட்டும்.