பதின்பருவப் பிள்ளைகளின் தற்கொலை எண்ணத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அறிகுறிப் பட்டியலை வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பது கஷ்டம். வாய்விட்டுக் கேட்டால் பல சமயம் தெரிந்துவிடும். என் பதிலின் சுருக்கம் இவ்வளவுதான். மீதி, ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது.

நான் மருத்துவர் இல்லை. வேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியால்தான் இந்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படிக்க நேர்ந்தது. அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசிவரை அடிவயிறு கலங்கப் படிப்பீர்கள். அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் யாருக்காவது இப்போதே அந்த எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104. சென்னையில் உள்ள சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு 044-24640050.

எங்கள் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். வேலூரை ஒட்டியது கணியம்பாடி ஒன்றியம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமுதாய மருத்துவத் துறை அங்கே வீடு வீடாகப் போய்ப் பிறப்பு இறப்பைப் பதிவு செய்துவந்தது. ஏறக்குறைய 1,08,000 மக்கள். ஒரு சாவு விழுந்தால் சுகாதாரப் பணியாளர்கள் அந்த வீட்டுக்குப் போய், என்ன நடந்தது என்று விசாரித்து எழுதுவார்கள். 1992 முதல் 2001 வரையிலான அந்தப் பதிவுகளில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளை மட்டும் பிரித்துப் பார்த்து, 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்பிள்ளைகளில் 148 பேர், பையன்களில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதில் இறந்த பெண்பிள்ளைகளை மட்டும் எடுத்தால் பாதி முதல் முக்கால் பங்கு வரை சாவுக்குக் காரணம் இதுதான்.

அதே காலத்தில் போலீஸ் பதிவுகளைக் கூட்டி அரசு சொன்ன தேசிய விகிதம், எல்லா வயதுக்கும் சேர்த்து, லட்சத்துக்குப் பத்து பதினொன்று. வயதும் இடமும் வேறு, நேராக ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் இவ்வளவு இடைவெளி எங்கிருந்து வந்தது என்பது கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் புரியும். ஸ்டேஷனுக்குப் போனால் வழக்கு, பிரேதப் பரிசோதனை, அதற்குமேல் ஊர்வாய். அடுத்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயம் வேறு. "தீராத வயிற்றுவலி" என்ற இரண்டு சொல்லைத் தினசரிகளில் படித்தே வளர்ந்த தலைமுறை என்னுடையது. அந்த வயிற்றுவலிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

பிறகு 2012-ல் நாடு முழுவதற்குமான ஓர் ஆய்வு, அதே முறையில் வீடுகளில் விசாரித்தது, வந்தது. தற்கொலையால் இறந்த பெண்களில் 56 சதவீதம் பேரும் ஆண்களில் 40 சதவீதம் பேரும் 15 முதல் 29 வயதுக்குள். இளவயதுக்காரர்கள் பிரச்சினை இது என்பதில் சந்தேகமே இல்லை.

சரி, காரணங்கள். மனச்சோர்வு, முன்பே ஒருமுறை முயன்றிருப்பது, வீட்டில் அடிதடி, குடி, பாலியல் துன்புறுத்தல், பள்ளியில் கேலிக்கொடுமை, குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு தற்கொலை. இந்தப் பட்டியலை எங்கும் பார்க்கலாம், பட்டியலும் சரிதான். சிக்கல் அதைப் பயன்படுத்துவதில். 2017-ல் அமெரிக்காவில் பிராங்க்ளின் என்பவரும் உடனிருந்தவர்களும், ஐம்பது வருடத்தில் வந்த 365 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். இந்தக் காரணிகளை வைத்து 'இன்னார் முயல்வார்' என்று சொல்வது, நாணயத்தைச் சுண்டிப்போட்டுச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று முடிந்தது. ஐம்பது வருடமாக அந்தத் துல்லியம் கூடவும் இல்லை.

கணக்கு டீச்சருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. என் வகுப்பில் ஐம்பது பேர். அப்பா குடிக்கிற வீடு, மார்க் குறைவு, சரியாகத் தூங்காத பிள்ளை என்று எண்ணினால் பாதி வகுப்பு பட்டியலில் வந்துவிடும். அவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் எப்படியோ கரையேறிவிடுவார்கள். பட்டியலில் ஒன்றுகூடப் பொருந்தாத பிள்ளை ஒன்று உள்ளுக்குள் மூழ்கிக்கொண்டிருக்கும். காரணிப் பட்டியல் ஊருக்கும் அரசாங்கத்துக்கும் திட்டம் போட உதவும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஜாதகம் கணிக்க உதவாது.

என் மாணவியும் அப்படித்தான், பதினொன்றாம் வகுப்பு. அரைப் பரீட்சைப் பேப்பரை ஜனவரியில் கொடுத்தேன். அவளுடையதில் கூட்டலை நான் தப்பாகப் போட்டிருந்தேன், நாலு மார்க் குறைவு. அரை மார்க்குக்கே ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கிற பிள்ளை அவள். அன்று பேப்பரை வாங்கினாள், மடித்தாள், பையில் வைத்தாள். மதியம் மார்க் பட்டியல் எழுதும்போதுதான் என் தப்பு எனக்கே தெரிந்தது. இவள் ஏன் கேட்கவில்லை என்று உறுத்தியது.

மறுநாள் கூப்பிட்டு மார்க், பாடம், டியூஷன் என்று சுற்றி வளைத்துப் பேசினேன். "ஒண்ணும் இல்ல மிஸ்." கடைசியில் எனக்கே பொறுக்காமல், "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிட்டோமோ என்று. அவள் ரொம்பச் சாதாரணமாக, "ஆமா மிஸ்" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை, எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பாதிக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள், மறு பாதிக்கு அவை இல்லாத தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு எண்ணமோ மனவேதனையோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது கொஞ்சம் இதமாகவே இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. இதை அன்றைக்கே படித்திருந்தால் அந்த அரை மணி நேரச் சுற்று மிச்சமாகியிருக்கும்.

அவள் பிரச்சினை மார்க்கே இல்லை. பக்கத்து செக்‌ஷன் பையனோடு பேசிய மெசேஜை வீட்டில் பார்த்துவிட்டார்கள். அடி, போன் பறிப்பு, பத்து நாளில் தாய்மாமனுக்குப் பேச்சு. (18 வயதுக்குள் கல்யாணம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம். சொல்வேன் என்று நான் அந்த வீட்டில் சொன்னதும்தான் அந்தப் பேச்சு நின்றது.) மாணவர் தற்கொலை என்றதும் தேர்வு, நீட் என்று நம் மனம் நேராக ஓடுகிறது. 2022-ல் நாட்டில் பதிவான 1,70,924 தற்கொலைகளில் மாணவர்கள் 13,044 பேர். 'மாணவர்' என்பது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்கிறது, ஏன் என்பதைச் சொல்வதில்லை. எல்லா வயதுக்கும் சேர்த்துப் பெரிய தலைப்பு 'குடும்பப் பிரச்சினை', 31.7 சதவீதம். காதல் தகராறும் அடி உதையும் எத்தனை அந்தச் சாக்குப்பைக்குள் கிடக்கின்றனவோ.

தேர்வு காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. முன்பெல்லாம் பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஒரு வருடமே போனது. உடனடித் துணைத்தேர்வு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சினேகாவும் ஒன்று, மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய அமைப்பு. 2000-களின் தொடக்கத்தில் அது வந்தது. இப்போது ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே திரும்ப எழுதி, அதே வருடம் காலேஜ் சேரலாம். 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் நிறுத்தினார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அன்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அப்படி நினைக்கவில்லை.

அடுத்தது ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். ஐரோப்பாவில் ஓர் ஆய்வு: 10 நாடுகள், 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள். சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு அறிகுறிகளைக் கண்டுபிடிக்கப் பயிற்சி. சிலவற்றில் கேள்வித்தாள் மூலம் சலித்து, தேவையானவர்களை நிபுணரிடம் அனுப்புதல். சிலவற்றில் பிள்ளைகளுக்கே நாலு வாரத்தில் ஐந்து மணி நேர வகுப்பு. அதில் பெரும்பகுதி நடித்துப் பார்ப்பது: தோழி இப்படிச் சொன்னால் நீ என்ன சொல்வாய், வீட்டில் சண்டை வந்தால் என்ன செய்யலாம், இப்படி. 2015-ல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் புதிதாக முயன்றவர்கள், ஒன்றும் செய்யாத பள்ளிகளில் சுமார் 1.5 சதவீதம், பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்த பள்ளிகளில் 0.7 சதவீதம். ஆசிரியர் பயிற்சியிலும் சலித்தெடுப்பதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பீகாரில் நாளந்தா மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த இன்னொரு ஆய்வு (2018) அதைவிடக் குத்தியது. அது அளந்தது தற்கொலையை அல்ல, மனச்சோர்வு, கேலிக்கொடுமை, பள்ளிச் சூழல் போன்றவற்றை. ஒரே நிகழ்ச்சியை, ஓரளவு பயிற்சி பெற்ற ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் நல்ல முன்னேற்றம். ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் ஒன்றும் நடத்தாததற்கும் அதற்கும் பேதமில்லை. ஏன் என்று யோசித்தால், மார்க் போடுகிற கையிடம் யார் மனதைத் திறப்பார்கள்? சிலபஸ் முடியவில்லையே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அல்லவா நாங்கள் கேட்கிறோம்.

நான் முக்கியம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் பல உயிர்கள் தப்பிவிடுகின்றன. இலங்கையில் 1995-ல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. அந்த ஆண்டு மிகக் கொடிய பூச்சிமருந்துகளையும் 1998-ல் இன்னொன்றையும் தடை செய்தார்கள். 2005-க்குள் விகிதம் பாதியாகிவிட்டது. போர் அங்கே முடிந்துவிடவில்லை, மனக்கஷ்டம் குறைந்ததாகவும் யாரும் சொல்ல முடியாது.

பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அதையும் அங்கேயே சோதித்தார்கள், வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்கள், 53,382 வீடுகளில். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017-ல் வந்த முடிவு: பலன் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்குச் சாவியும் வீட்டுக்குள்தானே இருக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் சினேகா வேறு வழியை முயன்றது: ஊருக்குப் பொதுவாக ஓர் இடம், அதில் பெட்டிகள். வீட்டுக்கும் பொருளுக்கும் நடுவில் தூரமும் இன்னொரு மனிதரும்.

அதனால் என் மாணவியின் அப்பாவிடம் நான் வைத்த முதல் வேண்டுகோள், பூச்சிமருந்தை வீட்டைவிட்டு எடுத்துவிட வேண்டும் என்பதுதான். "டீச்சரம்மா, பாத்துக்கிறோம், பூட்டி வெக்கிறோம்" என்றார். வேண்டாம், வீட்டிலேயே இருக்கக்கூடாது என்றேன். முகம் சுருங்கியது. ஆனால் அன்றைக்கே எல்லாவற்றையும் தூரத்தில் இருக்கும் பங்காளியின் மோட்டார் கொட்டகைக்கு மாற்றினார். பாட்டியின் மாத்திரை டப்பா அத்தை வீட்டுக்குப் போனது.

இரண்டாவது, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. "பைத்தியம்னு பேர் கட்டிருவாங்க" என்று அம்மா மறுத்தார். காய்ச்சலுக்குப் போகிற அதே ஆஸ்பத்திரி, அதே ஓ.பி. சீட்டு என்று சொல்லி நானே கூடப் போனேன்.

மூன்றாவது, விடாமல் விசாரிப்பது. அதைப் பற்றி அந்த நாட்களில்தான் படித்தேன். முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடந்தது, சென்னையும் கொழும்பும் அதில் உண்டு, 2008-ல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டது. முதல் பாதியில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள். மறு பாதியில் 0.2 சதவீதம். திரும்பத் திரும்ப விசாரித்ததற்கு இவ்வளவு வித்தியாசம். என் மாணவி முயலும் நிலைக்குப் போகவில்லை, இருந்தாலும் அந்த அட்டவணையைத்தான் பின்பற்றினேன்: முதல் வாரம், இரண்டாவது, நாலாவது, ஏழாவது என்று. அறிவுரை ஒன்றும் கிடையாது. "சாப்ட்டியா, தூங்கினியா, அந்த எண்ணம் வந்துச்சா?" மூன்றாவது கேள்வியை விடாமல் கேட்டேன். ஒருமுறை "வந்துச்சு மிஸ், சனிக்கிழமை" என்றாள். அன்றே திரும்ப டாக்டரிடம் போனோம்.

மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். கையில் மடிப்பு விழுந்த அந்த அரைப் பரீட்சைப் பேப்பர்.

"மிஸ், இதுல கூட்டல் தப்பு. நாலு மார்க் வரணும்."

நான்தான் ஜனவரியிலேயே திருத்திப் பதிந்துவிட்டேனே என்று பட்டியலை எடுத்துக் காட்டினேன். நம்பாமல் ஒரு தடவை அவளே கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.