முன்பணம் வாங்கிய நாணயக் கடை மூடப்படுகிறது: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் நினைவு நாணயங்கள் சேகரிப்பவன். வேறு மாநிலத்தில் ஒருவர் தனியாக நடத்தி வரும் சிறிய இணையக் கடையில், ஒரு ப்ரூஃப் செட்டுக்காக (சேகரிப்பாளர்களுக்கென்றே பளபளப்பாகத் தயாரிக்கப்படும் நாணயத் தொகுப்பு) 8,400 ரூபாய் முன்பணம் செலுத்தியிருந்தேன். இம்மாத இறுதியில் கடையை மூடுவதாகவும், முன்பதிவு செய்தவர்கள் அதே மதிப்புக்கு இருப்பில் உள்ள வேறு நாணயங்களை எடுத்துக்கொள்ளலாம் என்றும் இப்போது மின்னஞ்சல் வந்துள்ளது. பணமாகவே திருப்பிக் கேட்க எனக்கு உரிமை உண்டா? அதே கடையில் தஞ்சைப் பெரிய கோயில் 1000 ரூபாய் வெள்ளி நாணயம் குறைந்த விலைக்கு, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற குறிப்போடு விற்பனைக்கு உள்ளது. அதை வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: உரிமை உண்டு. நீங்கள் பணம் கொடுத்தது ஒரு குறிப்பிட்ட செட்டுக்காக. அதைத் தர இயலாதபோது மாற்றுப் பொருளை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. தனிநபர் நடத்தும் கடையில் கடைக்கும் உரிமையாளருக்கும் சட்டத்தில் வேறுபாடு கிடையாது என்பதால், கடையை மூடினாலும், ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தாலும் உங்கள் 8,400 ரூபாய் அவருடைய சொந்தக் கடனாகவே நிற்கும். பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்து திவால் நடவடிக்கைக்குப் போயிருந்தால், அதற்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டிய நிலை வந்திருக்கும்.

ஆனால் இத்தகைய கடைகளில் பணத்துக்கு முன்பே மறைந்துபோவது சான்றுதான். இணையதளம் முடங்கிய மறுநாள் அந்த செட்டின் படம், விவரம், அனுப்புவதாகச் சொன்ன தேதி எதுவும் உங்களிடம் இருக்காது. எனவே இன்றே அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பில், மின்னஞ்சல், பணம் செலுத்திய விவரம் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். உரிமையாளரின் பெயர் தெரியவில்லையென்றால், பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடினால் சட்டப்பூர்வப் பெயர் கிடைக்கும். முன்பு அவர் அனுப்பிய ஸ்பீட் போஸ்ட் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதன் மூலையில் உள்ள அனுப்புநர் முகவரியும் உதவும் (உறைகளைச் சேர்த்து வைக்கும் பழக்கம் சேகரிப்பாளர்களுக்குத்தான் உண்டே!).

அடுத்து, மாற்று நாணயம் வேண்டாம், பணமாகவே வேண்டும் என்று பதினைந்து நாள் கெடு வைத்து மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் எழுதுங்கள். கார்டு மூலம் பணம் செலுத்தியிருந்தால், பொருள் வரவில்லை என்ற காரணத்தைக் காட்டி வங்கியிடம் உடனே சார்ஜ்பேக் (கார்டில் செலுத்திய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை) கோருங்கள். அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் கடைக்காரரின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். யுபிஐ வழியாக அனுப்பிய பணத்தை அவ்வளவு எளிதில் மீட்க முடியாது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது; கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்துவிட்டதால் போலியையோ, விளம்பரத்துக்கு மாறான பொருளையோ உங்கள் தலையில் கட்டிவிட முடியாது. அப்படிப்பட்ட பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகள் கூறுகின்றன. நல்ல நாணயத்தை வாங்கிவிட்டு மனம் மாறினால் மட்டும் அந்தக் குறிப்பு உங்களைக் கட்டுப்படுத்தும்.

எனினும், உங்கள் பணத்தை ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் மேலும் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2010-இல் கொண்டாடப்பட்ட பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவையொட்டி வெளியான அந்த நாணயம் உங்களுக்கு அவசியம் வேண்டுமென்றால், முன்பணத்திலேயே அதன் விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதியைப் பணமாகக் கேளுங்கள். அதன் எடை 35 கிராம், வெள்ளி 80 சதவீதம். தராசில் வைத்து எடையைக் காட்டும் காணொளியையும், இருபுறமும் தெளிவாகத் தெரியும் படங்களையும் முதலில் அனுப்பச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது நீங்களும் காணொளி எடுத்து, அப்போதே எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.