சோக்கை எடுத்தால் வண்டி நிற்கிறதா? பழைய கார்புரேட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: என்னுடையது இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர் உள்ள பழைய மோட்டார் சைக்கிள். இரண்டு வருடம் ஓட்டாமல் நின்றது. இப்போது சோக் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகிறது. எடுத்த உடனே ஆஃப் ஆகிவிடுகிறது. "கார்புரேட்டர் போய்விட்டது, புதுசு போடுங்கள், பழசை நான் எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்கிறேன்" என்கிறார் ஒருவர். வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்யலாமா? ரிப்பேர் கிட் வாங்கினால் அதில் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

பதில்: பழசைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கெட்டுப்போகவில்லை, அடைத்துக்கொண்டிருக்கிறது. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியான பிறகு மிஞ்சும் பிசின், இருப்பதிலேயே சிறிய துளையைத்தான் முதலில் மூடும். அது பைலட் ஜெட் என்ற சிறு பித்தளைத் திருகின் துளை. அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐடிலிங்கில், அதாவது த்ராட்டிலை முறுக்காமல் எஞ்சின் ஓடும்போது, அதற்குப் பெட்ரோல் போகும் வழி அதுதான். சோக் வேறு விதமாகக் கூடுதல் பெட்ரோலைத் தருவதால் வண்டி ஓடுகிறது. எடுத்ததும் பெட்ரோல் போதாமல் அணைகிறது.

பிரிப்பதற்கு முன் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பரை வளைத்துப் பாருங்கள். அதில் வெடிப்பு இருந்தால் காற்று புகுந்து இதே கோளாறைக் காட்டும். அப்போது கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பலனில்லை.

கிட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மலிவான கிட்களில் ரப்பர் சாமான்கள் பரவாயில்லை; பித்தளை ஜெட்களை நம்ப முடியாது. 40 என்று எண் பொறித்திருக்கும், துளை வேறு அளவில் இருக்கும். எண் முறையும் எல்லாருக்கும் ஒன்றல்ல. கெய்ஹின் நிறுவனத்தின் மெயின் ஜெட்டில் (முழு த்ராட்டிலுக்கான பெரிய ஜெட்) 110 என்றால் துளை 1.10 மி.மீ.; மிகுனி நிறுவனத்தில் எண் பெரும்பாலும் பாயும் அளவைக் குறிக்கும். ஆகவே கிட்டிலிருந்து ஓ-ரிங், கிண்ணத்தின் கேஸ்கட், ஃப்ளோட் ஊசி (ஃப்ளோட் என்ற மிதவை உயரும்போது பெட்ரோல் வரத்தை மூடும் ஊசி) ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பித்தளை ஜெட்களைச் சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள். பித்தளை லேசில் தேயாது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். காற்றுவழியில் மேலும் கீழும் நகரும் ஸ்லைடில் தொங்கும் நீள ஊசி ஏறி இறங்கும் குழாய்தான் நீடில் ஜெட். உள்ளே பாயும் காற்று அந்த ஊசியை ஓயாமல் எஞ்சின் பக்கமாகத் தள்ளி அதிரவைக்கிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் வட்டத் துளை இப்படியே உரசி முட்டை வடிவமாகிவிடும். பிறகு ஊசியைச் சுற்றி அதிகப் பெட்ரோல் கசியும்: கால் த்ராட்டிலில் திணறும், ப்ளக் கரி பிடிக்கும், பெட்ரோல் செலவு கூடும், ஆனால் முழுதாக முறுக்கினால் நன்றாகவே ஓடும். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து பூதக்கண்ணாடியில் பாருங்கள். வட்டமாக இருந்தால் தொட வேண்டாம். நீண்டிருந்தால் நீடில் ஜெட்டையும் ஊசியையும் ஜோடியாக மாற்றுங்கள். புது ஊசியைத் தேய்ந்த துளையில் விட்டால் கோளாறு அப்படியே இருக்கும். இந்த இரண்டையும் கிட்டில் வாங்காதீர்கள், கார்புரேட்டர் தயாரித்த நிறுவனத்தின் அசல் பாகமாகவே வாங்குங்கள். உங்கள் கோளாறு ஐடிலிங்கில் இருப்பதால், இது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இனி வேலை. காற்றோட்டமான இடம், அருகில் நெருப்பு கூடாது, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் தகட்டைப் பிரிக்காதீர்கள். ஒன்றை முழுதாக முடித்த பிறகே மற்றதைத் திறங்கள். பாகங்கள் கலக்காது, சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு மாதிரியும் இருக்கும். ஜப்பான் வண்டிகளில் கிண்ணத்து ஸ்க்ரூக்களின் தலை சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குப் பொருந்தாது, வழுக்கிப் பள்ளமாகிவிடும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை வாங்குங்கள். ஃப்ளோட் பின் அசையவில்லை என்று சுத்தியலால் தட்டாதீர்கள். அதைத் தாங்கும் தூண் உடைந்தால், அப்போதுதான் உண்மையிலேயே கார்புரேட்டர் போய்விட்டது.

ஐடிலிங்கின் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன், மெல்ல முட்டும் வரை உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். இறுக்கினால் கூர்முனை உடையும். அதன் பின்னால் ஸ்ப்ரிங், வாஷர், ஓ-ரிங் என்ற வரிசையில் வரும். ஓ-ரிங் பெரும்பாலும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வளைத்த கம்பியால் எடுங்கள். ரப்பர், டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) எல்லாம் வெளியே வந்த பிறகே க்ளீனர் ஸ்ப்ரே. அது பட்டால் டயாஃப்ரம் உப்பிப்போகும்.

ஜெட்டுக்குள் எஃகுக் கம்பி, குண்டூசி எதையும் விடாதீர்கள். கீறல் விழுந்தால் அளவு மாறிவிடும். க்ளீனரில் ஊறவைத்து, காற்று ஊதி, வெளிச்சத்தில் பாருங்கள். அடைப்பு விடவில்லையென்றால் மின் வயரின் மெல்லிய செம்பு இழை ஒன்று போதும். வினிகர், எலுமிச்சைச் சாறு வேண்டாம். உலோகத்தை அரித்துக் கருக்கும்.

பலரும் ஜெட்டை மட்டும் துடைத்துவிட்டு மாட்டிவிடுகிறார்கள். மறுபடியும் அதே கோளாறு வந்ததும் "கார்புரேட்டரை மாற்று" என்று சொல்ல ஆள் வந்துவிடும். பைலட் ஜெட் கழன்ற துளையில் ஸ்ப்ரே அடித்தால், த்ராட்டில் வாய்க்கருகே உள்ள ஊசிமுனைத் துளைகள் ஒவ்வொன்றிலும், மிக்ஸ்சர் ஸ்க்ரூவின் துளையிலும் பீச்சி வெளியே வர வேண்டும். ஒன்றில் வராவிட்டாலும் வேலை முடியவில்லை.

ஃப்ளோட் ஊசி புதிதென்றால் நீளம் மாறியிருக்கலாம், ஃப்ளோட் உயரத்தை அளந்தே ஆக வேண்டும். கேஸ்கட்டை எடுத்துவிட்டு, கார்புரேட்டரைச் சாய்த்து, ஃப்ளோட்டின் நாக்கு ஊசியின் ஸ்ப்ரிங்கை அமுக்காமல் தொட்டு நிற்கும் நிலையில் அளக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அந்த மேனுவலை வாங்குவதற்கே வண்டியின் சொந்தக்காரர் அலைய வேண்டியிருப்பது அநியாயம். அதைவிட அநியாயம், சில கம்பெனிகளின் பாகப் பட்டியலில் ஒரு சின்ன ஓ-ரிங்குக்குத் தனி எண்ணே இல்லாமல் "கார்புரேட்டர் முழு செட்" என்று ஒரே வரி இருப்பது. நல்ல உலோகம் குப்பைக்குப் போவதற்கு இதுதான் காரணம். ஓ-ரிங்கின் உள்விட்டத்தையும் தடிமனையும் அளந்து, பெட்ரோலைத் தாங்கும் வைட்டான் ரகத்தில் தனியாக வாங்கிவிடலாம்.

மாட்டுவதற்கு முன் இரண்டு த்ராட்டில்களின் அடியிலும் ஒரே மெல்லிய கம்பி ஒரே இறுக்கத்தில் நுழைகிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடான பிறகு எஞ்சின் உறிஞ்சும் அளவைக் காட்டும் வாக்யூம் கேஜ் வைத்து இரண்டையும் சமப்படுத்த வேண்டும். கேஜ் இல்லாவிட்டால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் மெக்கானிக்கிடம் போங்கள். அங்கே மைலேஜ் கூட்டித் தருகிறேன் என்று ஜெட்டைச் சிறிதாக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி பிஸ்டன் கெடும்.

டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் கொட்டிவிட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தெரிந்தால் அதைப் போக்கிய பிறகே, புது ஃபில்டரோடு பெட்ரோல் ட்யூபை மாட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே பைலட் ஜெட்டை மறுபடி கழற்ற வேண்டிவரும்.