மாநாட்டுக்கு வருகிறீர்களா? தேக்காவில் தங்குங்கள்

மாநாடு, கருத்தரங்கு என்று சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. இங்கே விருந்தாளியை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். பதினேழு ஆண்டுகள் மாநாடுகளின் பதிவு மேசையில் உட்கார்ந்து அடையாள அட்டை எடுத்துக் கொடுத்தவள் நான். எங்கே தடுமாறுவார்கள் என்பது ஓரளவு தெரியும்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர்: முதல் வெளிநாட்டுப் பயணம். ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வருகிறேன். விசா கட்டணம் போக, வருகை அட்டைக்கென்று தனியாகப் பணம் கேட்கிறார் முகவர். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். விசா வேறு, வருகை அட்டை (நாட்டுக்குள் நுழையும் முன் நம் விவரங்களை நிரப்பும் படிவம்) வேறு. இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். அதற்கான அரசாங்கக் கட்டணம் 30 வெள்ளி. (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்.) அதற்குமேல் முகவர் வாங்குவது அவருடைய கூலி. எஸ்ஜி வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையத்தளத்திலோ செயலியிலோ நீங்களே நிரப்பிவிடலாம். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் பார்வைக்கு அரசாங்கத் தளம் போலவே இருக்கும், பணமும் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசாங்கத் தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. பார்வையாளராக வந்து உட்கார்ந்திருப்பதும் மேடையேறிப் பேசுவதும் இங்கே ஒன்றல்ல. கட்டுரை வாசிப்பவர், பேச்சாளர், பயிற்சி நடத்துபவர் ஆகியோருக்குப் பெரும்பாலும் வேலை அனுமதி தேவைப்படாது. ஆனால் நாட்டுக்குள் வந்த பிறகு, பேசுவதற்கு முன்பு, மனிதவள அமைச்சுக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். தலைப்பு சமயம், இனம், அரசியல் ஆகியவற்றைத் தொட்டால் கதை வேறு. ஏற்பாட்டாளர் முன்கூட்டியே அமைச்சிடம் தனி அனுமதி வாங்கியாக வேண்டும். பக்தி இலக்கியம் பற்றிப் பேச வருகிறீர்கள் என்றால் அது ஆய்வுரையா, சமயச் சொற்பொழிவா என்ற கேள்வி எழக்கூடும். உங்கள் தலைப்பை இன்றைக்கே ஏற்பாட்டாளருக்கு அனுப்பி, "இதற்கு என்ன அனுமதி?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

குடிநுழைவில் இப்போது கடப்பிதழில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வந்துவிடும். திரும்பிப் போய்ப் பயணச் செலவைக் கோரும்போது கல்லூரிக் கணக்குப் பிரிவு முத்திரையைக் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. அந்த மின்னஞ்சலையும் இரண்டு விமான ஏறும் அட்டைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். ஊருக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு "ஏதாவது சான்று கிடைக்குமா" என்று கேட்டவர்கள் பலர். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

மதுரையிலிருந்து ஒரு மருத்துவர்: மாநாடு மரினா பே சாண்ட்சில். அங்கேயே தங்கினால் கட்டுப்படியாகாது. மாநாட்டுக்காரர்கள் சொல்லும் மற்ற விடுதிகளும் விலை அதிகம். எங்கே தங்குவது?

தேக்காவில் தங்குங்கள் டாக்டர். லிட்டில் இந்தியாவுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அது. யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை; ரயில் பாதையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

லிட்டில் இந்தியா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் நீல நிற டௌன்டவுன் பாதை ஓடுகிறது. அதில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரோமனாட், நான்காவது பேஃபிரண்ட். அங்கே இறங்கினால் மரினா பே சாண்ட்ஸ் மாநாட்டு மண்டபத்துக்கு வெயில் படாமலே போய்விடலாம். சன்டெக்கில் மாநாடு என்றால் மூன்றாவது நிறுத்தமான புரோமனாட். நடுவில் ரயில் மாறும் வேலை இல்லை. தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் அதே லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற ரயிலில் ஹார்பர்ஃபிரண்ட் வரை போய், அங்கே வட்டப் பாதைக்கு மாறி, கெண்ட் ரிட்ஜில் இறங்கலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும் தேக்கா ஒத்துவராது. அது தீவின் மேற்குக் கோடி. பூன் லே, ஜூரோங் பக்கம் தங்குவதே நல்லது.

எக்ஸ்போ மண்டபத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். நீலப் பாதை எக்ஸ்போவுக்கும் போகிறது. ஆனால் நேராகப் போவதில்லை. நகரத்தின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. லிட்டில் இந்தியாவில் ஏறினால் பத்தாவது நிறுத்தம் ஜாலான் புசார். அந்த ஜாலான் புசார் நிலையம் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது! எக்ஸ்போவுக்கு அங்கேதான் ஏற வேண்டும். 2018இல் கோயம்புத்தூர்ப் பேராசிரியர் ஒருவருக்கு "நீல ரயில், மாறவே வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் முழுச் சுற்றும் சுற்றி வந்து சேர்ந்தபோது அவருடைய அமர்வு பாதி முடிந்திருந்தது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து பாதை சொல்லும்போது எந்த நிலையத்தில் ஏறுவது என்பதையும் எழுதியே கொடுக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து வரும்போதும் இதே வழிதான். சாங்கியில் ஏறி அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் நீலத்துக்கு மாறினால் ஜாலான் புசார். சென்னையிலிருந்து இரவு விமானத்தில் கிளம்பி விடிந்தபின் இறங்குகிறவர்களுக்கு ரயில் ஓடத் தொடங்கியிருக்கும். நடுச்சாமத்தில் இறங்கினால் டாக்சிதான். 12 மணியிலிருந்து காலை 6 வரை மீட்டரில் காட்டும் தொகைக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல் உண்டு. கேட்டுப் பதறாதீர்கள், அது முறையான கட்டணம்தான்.

தேக்கா விடுதிகளில் அறை சிறியது. பதிவு செய்யும்போது சன்னல் உண்டா என்று பாருங்கள். விலை குறைந்த அறைகள் பலவற்றில் சன்னலே இருக்காது. நான்கு நாள் அப்படி இருந்தால் மனம் சோர்ந்துவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது சன்னல் உள்ள அறையை எடுங்கள். ஞாயிறு மாலை வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் நேரம், தெரு நிரம்பி வழியும். வாரம் முழுக்க உழைத்தவர்கள் ஊர்க்காரர்களைப் பார்க்க வரும் ஒரே நாள் அது. அவர்களோடு சேர்ந்து நடந்து பாருங்கள். உங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சு நிச்சயம் காதில் விழும்.

இணையத்தில் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை, மூன்று நாளைக்கு இவ்வளவு என்று விளம்பரம் கண்டால் விட்டுவிடுங்கள். தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதத்துக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை ஆறு மாதத்துக்கும்தான் வாடகைக்கு விட முடியும். அதற்குக் குறைந்தால் சட்டவிரோதம்.

ஈசூனிலிருந்து ஒரு வாசகி: என் அத்தான் மாநாட்டுக்காக வருகிறார், எங்கள் வீட்டில்தான் தங்குவார். அம்மா ஏதேதோ கொடுத்தனுப்புகிறார். எதை வேண்டாம் என்று சொல்வது?

சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவதில் சிக்கல் இல்லை அம்மா. பெட்டியில்தான் கவனம் வேண்டும். முதலில் கசகசா. குருமாவுக்கென்று அன்பாகக் கட்டி வைத்துவிடுவார்கள். அபினிச் செடியின் விதை என்பதால் இங்கே அதைக் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. அது வேண்டவே வேண்டாம் என்று இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள்.

அடுத்தது குட்கா, கைனி, ஜர்தா. மெல்லும் புகையிலை எதுவானாலும் தடை. மின்சிகரெட் சும்மா பையில் இருந்தாலே குற்றம், இப்போது மிகக் கடுமையாகப் பிடிக்கிறார்கள். சாதாரண சிகரெட்டுக்கும் தீர்வையில்லாச் சலுகை கிடையாது. ஒரு பெட்டி என்றாலும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் அறிவித்து வரி கட்ட வேண்டும். சூயிங்கமும் வேண்டாம்.

மருந்து கொண்டுவரலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு வைத்திருந்தால் போதும். தூக்க மாத்திரை, டிராமடால், கொடீன் கலந்த மருந்து என்றால் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர்: நான் சுத்த சைவம். மாநாட்டு மதிய உணவை நம்பலாமா? வெளியே என்ன செய்வது?

பதிவுப் படிவத்தில் உணவு விருப்பம் கேட்கும் இடத்தில் குறித்துவிட்டால் மதிய உணவு கிடைத்துவிடும் ஐயா. வெளியே, தேக்காவில் உங்களுக்குக் கவலையே இல்லை. சிராங்கூன் சாலையில் 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் இருக்கிறது. ஆனந்த பவன் அதைவிடப் பழையது, 1924.

மற்ற இடங்களில் "காய்கறி மட்டும்" என்று கேட்டு வாங்கினாலும் கவனமாக இருங்கள். குழம்பில் காய்ந்த இறால், சம்பலில் பிளாச்சான் (இறால் விழுது), வதக்கலில் சிப்பிச் சாறு என்று கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். உணவங்காடிகளில் சீனர்களின் சைவக் கடைகள் உண்டு. பலகையில் கோழி, வாத்து என்று எழுதியிருந்தாலும் எல்லாம் சோயாவும் கோதுமையும்தான். பௌத்த வழக்கப்படி வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத கடைகள் உண்டு.

தேநீருக்கு ஒரு சிறு பாடம். "தே" என்றால் கட்டிப்பால் ஊற்றி இனிப்பாக வரும். "தே ஓ" பாலில்லாமல் சர்க்கரையோடு. "கோசோங்" என்று சேர்த்தால் சர்க்கரை இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் "தே ஓ கோசோங்" என்ற மூன்று சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் தனியாகக் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள். சாப்பிட்டதும் தட்டை நீங்களே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, அதற்குப் பிறகு அபராதம்.

சென்னையிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்: செலவு, சார்ஜர், தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சரி தம்பி. இங்கே சதுர முனை மூன்று முள் செருகி. நம்மூர் உருண்டை முள் நுழையாது. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ஒரு பாட்டில் போதும். எம்ஆர்டி, பேருந்துக்கு உங்கள் வங்கி அட்டையையே தட்டிப் போகலாம், வெளிநாட்டு அட்டைக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் பிடிப்பார்கள். ஆளுக்கு ஓர் அட்டை. பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்குமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 100 வெள்ளி என்று நினைத்த சாப்பாடு 119 வெள்ளி 90 காசு. உணவங்காடியில் இதெல்லாம் இல்லை. அப்புறம், மண்டபக் குளிர் எலும்பைத் தொடும். ஒரு மேல்சட்டை கட்டாயம், குடையும் வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி: மாலையில் இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். கடைகளுக்குப் போக ஆசையில்லை. தமிழ் சார்ந்து பார்க்க என்ன இருக்கிறது?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் முஸ்தஃபா கடைக்குத்தான் வழி கேட்பார்கள்.

ஒரு மாலை, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1827இல் எழுந்தது, இந்தத் தீவின் மிகப் பழைய இந்துக் கோயில். சைனாடவுன் நிலையத்திலிருந்து நடக்கலாம். பகலில் நடை சாத்தியிருக்கும், அதனால் மாலையே சரி. தீபாவளிக்கு முன்பு தீமிதி நடப்பதும் இங்கேதான்.

இன்னொரு மாலையைத் தேசிய நூலகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா தெருவில் இருக்கிறது, பூகிஸில் இறங்க வேண்டும். தேக்காவிலிருந்து இரண்டே நிறுத்தம். மேல்தளங்களில் இருக்கும் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் இந்த வட்டாரத்துத் தமிழ் நூல்கள் இருக்கின்றன. 1887இல் இங்கே "சிங்கை நேசன்" என்று ஒரு வார இதழ் வந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய "தமிழ் முரசு" இன்றும் வருகிறது. முரசின் பழைய இதழ்களை நூலக வாரியத்தின் செய்தித்தாள் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் எத்தனை பேர்! உங்கள் கிராமத்தின் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள். என் தாத்தா ஊரின் பெயரை அப்படித் தேடியபோது ஒரு திருமண வாழ்த்துச் செய்தி கிடைத்தது. அதை அச்செடுத்து இன்னும் வைத்திருக்கிறேன்.

இரவு 9 மணிக்கு நூலகம் மூடுவார்கள். அதற்குக் கால் மணி முன்னதாகவே நகலெடுக்கும் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.