ஓடிப்போன இடத்திலும் ஏன் இந்த அடிதடி?

கேள்வி: ஆப்பிரிக்காவிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் டெல் அவீவிலும் ஜெர்மனியிலும் தங்களுக்குள்ளேயே மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, பிழைக்கப் போன இடத்தில் ஊர் அரசியல் எதற்கு?
- வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் சொல்வது எரித்ரியாக்காரர்களை. ஊரை விட்டு வந்தாலும் ஊர் அரசாங்கம் அவர்களை விடுவதில்லை, அங்கேதான் சிக்கல்.

1993-ல் சுதந்திர நாடானதிலிருந்து ஒரே அதிபர், இசயாஸ் அஃபெவெர்க்கி. நாடு தழுவிய தேர்தல் ஒன்றுகூட நடந்ததில்லை. ராணுவ சேவை காகிதத்தில் 18 மாதம்தான், ஆனால் எப்போது விடுவார்கள் என்று சேர்ந்தவனுக்கே தெரியாது. அதற்குப் பயந்துதான் இளவட்டங்கள் எல்லை தாண்டி ஓடுகிறார்கள்.

சரி, ஓடியாயிற்று. அப்புறம் ஒரு பாஸ்போர்ட் வேண்டுமென்றால் அதே அரசாங்கத்தின் தூதரக வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அங்கே வருமானத்தில் 2 சதவீதம் வரி கட்டிய ரசீது கேட்பார்கள். அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனவர் என்றால் ‘குற்றம் செய்தேன், தண்டனையை ஏற்கிறேன்’ என்கிற மாதிரி ஒரு தாளில் கையெழுத்தும் போட வேண்டும். (ஜெர்மன் அதிகாரிகளே அகதிகளைப் பார்த்து, போய் வாங்கி வா என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விருப்பமில்லாதவரை இதில் கையெழுத்துப் போடச் சொல்ல முடியாது என்று அந்நாட்டு நீதிமன்றம் சொன்னது 2022-ல்தான்.)

இவர்களுக்கு எதிராக, ஆட்சியை ஆதரித்து நிற்பவர்களில் பலர், எத்தியோப்பியாவோடு நடந்த 30 ஆண்டு விடுதலைப் போரின்போதே வெளியேறியவர்கள், அல்லது அவர்கள் பெற்ற பிள்ளைகள். போராளிகளுக்காக 1970-களிலேயே இத்தாலியின் பொலோன்யாவில் கூடி விழா எடுத்தவர்கள் அந்தத் தலைமுறை. அவர்களுக்கு இசயாஸ் நாட்டை மீட்டுக் கொடுத்தவர், நேற்று ஓடிவந்தவனுக்கோ அவர்தான் ஜெயிலர். இப்போது இந்த மாதிரி விழாக்களை ஆட்சியின் ஆதரவாளர்கள் நடத்தும்போது, நம் காசில் நம்மை விரட்டியவனுக்கே கொண்டாட்டமா என்று இளசுகளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2023 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் விழாக் கூடாரங்களுக்குத் தீ வைத்தார்கள். அடுத்த மாதம் டெல் அவீவில், தூதரகம் ஏற்பாடு செய்த விழாவையொட்டி நடந்த மோதலில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காயம், போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஆட்சியின் எதிர்ப்பாளர்கள் பிடித்திருந்தது எரித்ரியாவின் இன்றைய கொடியை அல்ல, இந்த ஆட்சிக்கு முந்தைய 1952-ன் வெளிர்நீலக் கொடியை.

கம்பையும் கல்லையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இதை வெறும் கோஷ்டிச் சண்டை என்று ஒதுக்கவும் முடியாது. ஆட்சியை ஆதரிப்பவன் எப்படி அகதி ஆவான் என்று நெதன்யாகு கேட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. என்ன, அதே சூட்டில் அடிபட்டவன், அடித்தவன் என்று பாராமல், சட்டவிரோதமாக நுழைந்த எல்லாரையுமே வெளியேற்ற அவர் திட்டம் கேட்டதுதான் அநியாயம்.